ராபர்ட்ஸ் துரை எழுதிய தீர்ப்பு: ஒரு பீரங்கிப்படை அதிகாரியும் மதராஸ் சிப்பாய்களும்

1857 செப்டம்பர் 11, காலை எட்டு மணி. டெல்லிக் கோட்டையின் காஷ்மீர் கொத்தளத்துக்கு எதிரே, இரவோடு இரவாக மண் மூட்டைகளை அடுக்கிக் கட்டிய பீரங்கி மேடை. பிரெட்ரிக் ராபர்ட்ஸ் என்ற லெப்டினன்ட், வயது 24, ஒரு கனத்த பீரங்கியின் பின்னால் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறுவயதில் வந்த காய்ச்சலில் வலக்கண் பார்வை போய்விட்டது. இடக்கண் மட்டும்தான். பக்கத்தில் ஓர் இளம் பீரங்கி வீரன், பீரங்கியின் பின்பக்கத்தில் இருக்கும் தீத்துளையைத் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் காலத்துப் பீரங்கியில் அது உயிர் காக்கும் வேலை. முந்தைய குண்டின் கனல் உள்ளே மிச்சம் இருக்கும். காற்றுப் புகுந்தால் அது மறுபடி பற்றிக்கொள்ளும். அப்புறம் புது மருந்தைத் திணிக்கிறவனின் கை இருக்காது.

முன்னால் தொங்கிய மறைப்பை இறக்கியதும், கோட்டைக்குள்ளிருந்து வந்த இரும்புக் குண்டு நேராக அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. இரண்டு மூன்று பேர் கீழே விழுந்தார்கள். ராபர்ட்ஸ் எழுந்து பார்த்தபோது, தீத்துளையை அடைத்துக்கொண்டிருந்த பையனின் வலக்கை இல்லை.

இந்தக் காட்சியை ராபர்ட்ஸே நாற்பது ஆண்டு கழித்துத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். எதிரிகள் எங்கள் தூரத்தை வியக்கத்தக்க துல்லியத்தோடு கணித்துவிட்டார்கள் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். அந்த எதிரிகள் யார்? கும்பினிப் படையிலேயே, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலேயே, பீரங்கித் தொழில் கற்று, பிறகு கிளர்ச்சியில் சேர்ந்த இந்தியப் பீரங்கி வீரர்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வு கடைசிவரை அதைச் சுற்றித்தான் போகப்போகிறது.

ஏனென்றால் இதே மனிதர்தான் 1880களில் மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக ஊட்டிக்கு வந்தார். தமிழ், தெலுங்குச் சிப்பாய்களைப் பார்த்து, இவர்களிடம் போர்க்குணம் செத்துவிட்டது என்று தீர்மானித்தார். அவரைக் கோழை என்றோ முட்டாள் என்றோ ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அவர் இரண்டும் இல்லை. நெஞ்சுரம் என்றால் என்னவென்று நெருங்கிப் பார்த்த ஒருவர், மற்றவர்களின் நெஞ்சுரத்தை அளந்தபோது எங்கே தவறினார் என்பதுதான் கேள்வி.

பீரங்கியிலிருந்து பதக்கம்

ராபர்ட்ஸ் பிறந்தது கான்பூரில், 1832 செப்டம்பர் 30. தகப்பனார் ஆபிரகாம் ராபர்ட்ஸ், அயர்லாந்தின் வாட்டர்போர்டு ஊர்க்காரர், கும்பினிப் படையில் தளபதி. பையன் இங்கிலாந்தில் படித்து, கும்பினியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் தேறி, 1851 டிசம்பரில் வங்காளப் பீரங்கிப்படையில் சேர்ந்தான். உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குள்தான். குட்டையான உருவம், ஒற்றைக்கண், அடிக்கடி வந்து போகும் காய்ச்சல். பிறகு படைவீரர்கள் பாசமாக 'பாப்ஸ்' என்று கூப்பிட்டது இவரைத்தான்.

அவருக்குப் பெஷாவரில் முதல் பதவி கிடைத்தது அப்பாவின் உதவி அதிகாரியாக. இளமையில் அவர் கண்ட உலகம் வடமேற்கு எல்லை: மலைகள், பட்டாணியர்கள், சீக்கியர்கள். தெற்கை அவர் எட்டிப் பார்த்ததே ஐம்பதை நெருங்கும்போதுதான். அதற்குள் 'சிப்பாய் என்றால் இப்படி இருக்கணும்' என்ற அச்சு மனதில் வார்க்கப்பட்டுவிட்டது.

டெல்லி முற்றுகையின்போது ஜூலை 14ல் ஒரு தோட்டா அவர் முதுகெலும்புக்குப் பக்கத்தில் பாய்ந்தது. இடுப்பில் கட்டியிருந்த சின்னத் தோல்பை அன்றைக்கு நழுவி முதுகுப்பக்கம் போயிருந்தது. தோட்டாவின் வேகத்தை அது வாங்கிக்கொண்டதால் பிழைத்தார். செப்டம்பரில் கோட்டைச் சுவர் உடைந்து படைகள் உள்ளே புகுந்த அன்று, காஷ்மீர் வாசலருகே அனாதையாகக் கிடந்த ஒரு டோலியின் திரையை விலக்கிப் பார்த்து, உள்ளே சாகக் கிடந்த பிரிட்டிஷ் தளபதி ஜான் நிக்கல்சனைக் கண்டவரும் இவர்தான்.

1858 ஜனவரி 2ல், பருகாபாத் பக்கம் குதாகஞ்ச் என்ற ஊரில், தோற்று ஓடும் சிப்பாய்களைக் குதிரைப்படை துரத்தியது. அதில் ராபர்ட்ஸும் இருந்தார். ஒரு பஞ்சாபிக் குதிரை வீரன் துப்பாக்கி முனைக் கத்தியோடு மல்லுக்கு நிற்கும் சிப்பாயிடம் மாட்டிக்கொண்டதைப் பார்த்து, நேரே அங்கே குதிரையை விட்டு, சிப்பாயை வெட்டி வீழ்த்தினார். பிறகு கொடியோடு ஓடிய இருவரைத் துரத்தி, ஒருவனிடமிருந்து கொடியைப் பிடுங்கினார். மற்றவன் துப்பாக்கியை இவர் உடம்பில் வைத்து அழுத்தினான். துப்பாக்கி விசை சொடுக்கியது, மருந்து பற்றவில்லை. அந்த நாளுக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை கிடைத்தது.

எனக்கு அந்த இரண்டு சிப்பாய்களின் பெயர் தெரியவேண்டும் என்று ஆசை. படை சிதறி, எல்லாரும் ஓடுகிற நேரத்தில் கொடியை விடாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் திரும்பி நின்று, குதிரைமேல் வருகிறவனின் உடம்பிலேயே துப்பாக்கியை வைத்தான். இதுவும் வீரம்தானே? பதக்கம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கொடுக்கப்படும்.

விக்டோரியா சிலுவை வெண்கலத்தால் ஆனது. எதிரியிடம் கைப்பற்றிய பீரங்கியை உருக்கி வார்ப்பது வழக்கம். ராபர்ட்ஸ் பிற்காலத்தில் வாங்கிய காபூல்-கந்தகார் நட்சத்திரமும் அப்படித்தான், கந்தகாரில் ஆப்கானிய இளவரசர் அயூப் கானிடம் பிடித்த பீரங்கிகளின் வெண்கலம். பீரங்கிக்காரருக்குப் பீரங்கியையே உருக்கி நெஞ்சில் குத்தியிருக்கிறார்கள்.

அந்த நட்சத்திரம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1879 செப்டம்பரில் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவாக்னாரி கொல்லப்பட்டார். ராபர்ட்ஸ் படையோடு போய் நகரத்தைப் பிடித்து, பலரைத் தூக்கில் போட்டார். இங்கிலாந்திலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது. அவர் வாழ்க்கையில் துடைக்க முடியாத கறை அது. 1880 ஜூலை 27ல் மைவந்தில் இன்னொரு பிரிட்டிஷ் படை அயூப் கானிடம் தோற்று, மிஞ்சியவர்கள் கந்தகாரில் அடைபட்டார்கள். ராபர்ட்ஸ் சுமார் 10,000 வீரர்களோடு காபூலிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 500 கிலோமீட்டரை ஆகஸ்ட் மாதத்தில் மூன்றே வாரத்தில் கடந்து, செப்டம்பர் 1ல் அயூப் கானைத் தோற்கடித்தார். சக்கரம் வைத்த பீரங்கி ஒன்றைக்கூட அவர் எடுத்துப் போகவில்லை. விலங்குகள் முதுகில் ஏற்றக்கூடிய 18 மலைப் பீரங்கிகள் மட்டும். வேகத்துக்காகக் கனத்த பீரங்கியை விட்டுவிட்டுப் போக ஒரு பீரங்கிக்காரருக்குத் தனித் துணிச்சல் வேண்டும். கடைசி நாட்களில் அவருக்கே காய்ச்சல் கண்டு டோலியில்தான் போனார். அவருடைய வெள்ளை அரபுக் குதிரை வானலெலுக்கும் மகாராணி பதக்கம் கொடுத்தார்.

அந்த 10,000 பேரில் பெரும்பகுதி சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபியர். மதராஸ் காலாட்படை ஒன்றுகூட இல்லை.

ஊட்டியில் நான்கு வருடம்

1881 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக வந்தார். கோடையில் ஊட்டி, குளிர்காலத்தில் பட்டாளங்களைப் பார்வையிடச் சுற்றுப்பயணம். அவருடைய முடிவை அவர் சொற்களின் சாரத்திலேயே தருகிறேன். இவர்களுடைய முன்னோர் சென்ற நூற்றாண்டுப் போர்களில் காட்டிய போர்க்குணத்தை இவர்களிடம் காண எவ்வளவோ முயன்றேன், நீண்டகால அமைதியும் அது கொடுத்த வசதியும் இவர்களை மென்மையாக்கிக் கெடுத்துவிட்டன, பழைய போர் உணர்வு இவர்களிடம் செத்துவிட்டது, போர்க்குடிகளுக்கு எதிரே இவர்களை நம்பி நிறுத்த முடியாது, தென்னிந்தியாவுக்கு வெளியே பயன்படுத்தவும் முடியாது. ஆசியர்கள் என்றாலே அமைதி அவர்களைக் கெடுக்கும் என்றும் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

'முயன்றேன்' என்பதை நான் நம்புகிறேன். துப்பாக்கி சுடும் பயிற்சியை மதராஸ் படையில் அவர் உண்மையாகவே உயர்த்தினார். ரஷ்யா ஆப்கானிஸ்தான் வழியாக வரும் என்பது அவருடைய தீராத கவலை. மலைக்குளிரில் ரஷ்யனுக்கு எதிரே யாரை நிறுத்துவது என்ற கண்ணோடுதான் ஒவ்வொரு பட்டாளத்தையும் பார்த்தார். அன்றைய மதராஸ் காலாட்படை நல்ல நிலையில் இல்லை என்பதும் பொய் அல்ல. ஆர்க்காட்டில் 1751ல் கிளைவோடு அடைபட்டுக் கிடந்த படை அல்ல அது, ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அசாயேயிலும் போரிட்ட படையும் அல்ல.

அப்படியானால் ஏன் இளைத்தது? ராபர்ட்ஸ் தேடிய காரணம் ரத்தத்தில். இருந்த காரணங்களோ அவர் மேஜைமேலேயே இருந்திருக்கவேண்டும்.

ஒன்று, போரே கிடைக்கவில்லை. 1857ல் மதராஸ் பட்டாளங்கள் கும்பினி பக்கம் நின்றன. ஆனால் அதற்குப் பிறகு போர் என்றால் வடமேற்கு எல்லை. அங்கே தெற்கத்திப் பட்டாளங்களை அனுப்புவது அபூர்வம். போர் இல்லாத இடத்தில் பதவி உயர்வு இல்லை, பதக்கம் இல்லை. பேராசையுள்ள வெள்ளைக்கார அதிகாரி பஞ்சாபுக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவான். மிச்சம் தங்கியவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று சம்பளம். சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். நூற்றாண்டு முழுக்க ஏறக்குறைய அதே தொகைதான், 1895ல்தான் 9 ஆனது. மதராஸ் சிப்பாய் பட்டாளத்துக்குத் தனியாக வருவதில்லை. மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா எல்லாரும் பட்டாளக் குடியிருப்பு லைனில் கூடவே குடியிருப்பார்கள். பட்டாளம் இடம் மாறினால் சட்டிபானையோடு குடும்பம் மொத்தமும் பெயரும். அந்த 7 ரூபாயில் இத்தனை வயிறு. வடக்கே சிப்பாயின் குடும்பம் நிலத்தோடு ஊரில் இருக்கும், அவன் மட்டும் வருவான். ராபர்ட்ஸ் போன்றவர்களுக்கு, குடும்பம் கூடவே இருக்கிற பட்டாளம் மென்மையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. எனக்கோ அது வேறு மாதிரி தெரிகிறது. அப்பா வேலைக்குப் போகிற அதே மைதானத்தை வாசலிலிருந்து பார்த்து வளர்ந்த பையன் பட்டாளத்தில் சேர்வான். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக் குடும்பங்கள் உருவானது அப்படித்தான். இன்றைக்கும் வேலூர்ப் பக்கம் போனால் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று கேட்டாலே வழி காட்டுவார்கள். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஓர் ஒப்பீடு. ராபர்ட்ஸின் தலைமையின் கீழேயே மதராஸ் சாப்பர் படை இருந்தது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, சுரங்கம் தோண்டுவது, தேவைப்பட்டால் துப்பாக்கி எடுத்துச் சண்டை போடுவது இவர்கள் வேலை. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? காலாட்படைக்கு ஆள் வந்த அதே மதராஸ் மாகாணத்திலிருந்து, தமிழர் பெரும்பான்மையாக. 1882ல், ராபர்ட்ஸ் ஊட்டியில் இருக்கும்போதே, இந்தச் சாப்பர்கள் எகிப்துக்குப் போய் டெல்-எல்-கபீர் போரில் இருந்தார்கள். 1885ல் சூடானின் டோப்ரெக்கில் திடீர்த் தாக்குதலில் மாட்டி நின்று சண்டை போட்டார்கள். இரண்டு பெயரும் அந்தப் படையின் போர் விருதுகளில் இன்றும் இருக்கின்றன. தென்னிந்தியாவுக்கு வெளியே பயன்படாத ஆட்கள் எகிப்துக்கும் சூடானுக்கும் போய் வந்திருக்கிறார்கள்!

மாகாணம் ஒன்று, சோறு ஒன்று. வேறுபட்டவை இரண்டுதான். சாப்பருக்கு ராயல் எஞ்சினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் படையிலிருந்து தேர்ந்த அதிகாரிகள் வந்தார்கள், வேலை ஓயாமல் இருந்தது. ரத்தம்தான் காரணம் என்றால் சாப்பரும் சோடை போயிருக்கவேண்டும். இந்தச் சோதனையை ராபர்ட்ஸ் செய்து பார்க்கவில்லை. விடை அவர் படைப் பட்டியலிலேயே கிடந்தது.

தீர்ப்பு நிறைவேறிய விதம்

1885ல் ராபர்ட்ஸ் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதி ஆனார். 1893வரை இருந்தார். கருத்து இப்போது உத்தரவாகிவிட்டது. ஆள் சேர்ப்பு வடக்கே நகர்ந்தது. 'போர்க்குடி' யார், அல்லாதார் யார் என்று பட்டியல் போட்டுச் சேர்க்கும் வழக்கம் வேரூன்றியது. மதராஸ் பட்டாளங்கள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார்கள். 10வது மதராஸ் காலாட்படையின் எண் பர்மாவுக்கான புதுப் பட்டாளத்துக்குப் போய், கடைசியில் அது 10வது கூர்க்கா ரைபிள்ஸ் ஆனது. பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிட்டுக் கடையை வேறொருவருக்குக் கொடுத்த மாதிரி.

நியாயமாக எழுதவேண்டும் என்றால், எதிர்ப்பக்கச் சாட்சியையும் வைக்கவேண்டும். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் ஜெர்மானியரைத் தாக்கப் போன படையில் 63வது பாளையங்கோட்டை காலாட்படை இருந்தது. அது சிதறி ஓடியது. ராபர்ட்ஸ் சொன்னது சரிதான் என்று பேச அது பலருக்கு வசதியாகப் போனது. ஆனால் அதே டாங்காவில் 13வது ராஜபுத்திரப் பட்டாளமும் உடைந்தது. ராஜபுத்திரர் பட்டியலில் முதல் வரிசைப் போர்க்குடி. அந்தத் தாக்குதலே வேவு பார்க்காமல், அவசரத்தில், மோசமாகத் திட்டமிட்டது. 'இவன் உதவமாட்டான்' என்று முப்பது வருடம் மூலையில் உட்காரவைத்து, திடீரென்று கப்பலில் ஏற்றி இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் இறக்கிவிட்டு, ஓடினான் என்று எழுதுவது என்ன நியாயம்? ஒரு தீர்ப்பு தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே உருவாக்கிக்கொள்வதை இங்கே பார்க்கிறோம். 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படை முழுவதும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது.

கொலென்சோ

ராபர்ட்ஸின் வாழ்க்கையில் மறுபடி பீரங்கி வருவது 1899 டிசம்பர் 15ல். இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால், துகேலா ஆற்றங்கரையில் கொலென்சோ. பிரிட்டிஷ் பீரங்கிகள் 12, போயர்களின், அதாவது அங்கே குடியேறிய டச்சு வழிவந்தவர்களின், துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு அவசரப்பட்டு முன்னேறி, வீரர்கள் விழுந்து, அனாதையாக நின்றன. அவற்றை மீட்க யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முன்வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் பிரெடி ராபர்ட்ஸ், ராபர்ட்ஸின் ஒரே மகன், வயது 27. அவர் பீரங்கிப்படையே அல்ல, காலாட்படை. குதிரையில் பாய்ந்து போனவர் குண்டடிபட்டு விழுந்தார். மீட்க முடிந்தது இரண்டு பீரங்கிகளை மட்டும். இரண்டு நாள் கழித்து இறந்தார். அவருக்கும் விக்டோரியா சிலுவை. தகப்பனும் மகனும் அதை வாங்கிய வெகுசில குடும்பங்களில் அது ஒன்று.

அந்த நாட்களில்தான் 67 வயது ராபர்ட்ஸைத் தென்னாப்பிரிக்காவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். மகன் இறந்த செய்தியோடு டிசம்பர் 23ல் கப்பல் ஏறினார். ஆறு மாதத்துக்குள் போயர்களின் தலைநகர் ப்ரிட்டோரியாவைப் பிடித்தார். பண்ணை வீடுகளைக் கொளுத்தும் உத்தரவுகளும் அவர் காலத்திலேயே தொடங்கின. பின்னால், அவருக்கு அடுத்துத் தலைமை ஏற்ற கிச்சனர் விரித்த தடுப்பு முகாம்களில் போயர் பெண்களும் குழந்தைகளுமாக 26,000க்கு மேல் செத்தார்கள், கறுப்பின மக்கள் பல ஆயிரம்.

கொலென்சோவில் இன்னொரு படையும் இருந்தது. காந்தி திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை, சுமார் 1,100 பேர். அதில் ஏறக்குறைய 800 பேர் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் கூலிகளில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். அடிபட்டவர்களை டோலியில் சுமந்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தோம் என்று காந்தி பின்னாளில் எழுதினார். லெப்டினன்ட் ராபர்ட்ஸைச் சுமந்து வரும் பேறும் எங்கள் படைக்குக் கிடைத்தது என்று பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை. அந்த டோலியின் கம்பு எந்தத் தோளில் இருந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. தஞ்சாவூர்க்காரனோ, வடஆர்க்காட்டுக்காரனோ, விசாகப்பட்டணத்துக்காரனோ. அவன் கையில் துப்பாக்கி இல்லை. அவனைப் பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று எழுதியவரின் பிள்ளை அவன் தோளில்.

ராபர்ட்ஸ் 1914 நவம்பர் 14ல் பிரான்சின் செயின்ட் ஓமேர் நகரத்தில், 82 வயதில் நிமோனியாவால் இறந்தார். போர்முனைக்கு வந்திருந்த இந்திய வீரர்களைப் பார்க்கவேண்டும் என்று அந்தக் குளிரிலும் கடல் தாண்டிப் போயிருந்தார். சிப்பாய்மேல் அவருக்கு இருந்த பாசம் நிஜம். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். டாங்காவில் பாளையங்கோட்டைப் பட்டாளம் உடைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

முப்பது வருடம் கழித்து, 1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் மதராஸ் சாப்பர்கள் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் அவர்களுக்கு முன்னால் நின்றார். ஒரு கண்ணி மிதிபட்டுவிட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. கூட இருந்தவர்கள் பிழைக்கட்டும் என்று அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் சிலுவை கொடுத்தார்கள். அது வெள்ளியில் செய்தது.